தலகணிக்குள் ஒரு சட்டி

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. நான் சொல்லாவிட்டாலும் புத்தூரில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும். பள்ளிக்கூட வான் ஓட்டுவது என் தொழில். பிள்ளைகளை ஏற்றிவிட்டேன் என்றால், எனக்கு முன்னால் மண் ஏற்றிய லாண்ட்மாஸ்ரர் உழவுமெசின் ஊர்ந்துகொண்டு போனாலும் முந்தமாட்டேன், அதன் புகையைக் குடித்துக்கொண்டு பின்னாலேயே போவேன். இதற்காகத்தான் பெற்றோர் என்னை நம்பிப் பிள்ளைகளை விட்டார்கள். இதற்காகத்தான் பிள்ளைகள் என்னைப் பகிடி பண்ணினார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். எங்கள் கிணற்றுக்குக் கம்பிவலை போட்டு மூடி, அந்த மூடிக்கு மேலே ஒரு கல்லும் வைத்திருக்கிறேன். மகள் பிறந்த வருடம் வைத்த கல். தண்ணீர் அள்ளப் போகும்போதெல்லாம் என் மனைவி அதைத் தூக்கி இறக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அவள் என்னை நினைத்துக்கொள்வாள், நல்லபடியாக அல்ல.

ஒரு காலத்தில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் நாளுக்கொன்றாக வந்துகொண்டிருந்தன. கைத்தொலைபேசியைத் திறந்தால் கரிந்த குசினிச் சுவரும் உடைந்த கண்ணாடி மேசையும்தான். எனக்கு நித்திரை போய்விட்டது. சவர்க்கார நுரையைக் குழாயில் பூசிப் பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அதற்காக நம்பிவிட முடியுமா? ஒரு நாள் சுவரில் துளை போட்டு, சிலிண்டரைத் தூக்கிக் குசினிக்கு வெளியே முருங்கைக்குக் கீழே வைத்தேன். குழாயை நீட்ட வேண்டி வந்ததால், நீட்டிய இடத்திலிருந்து காஸ் கசியுமோ என்ற புதுப் பயம் பிடித்தது.

பிறகு காஸே இல்லாமல் போயிற்று. ஊரெல்லாம் வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. நான் வெளியில் மற்றவர்களோடு சேர்ந்து ஏசினேன், உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன்.

காஸுக்குப் பின்னால் டீசலும் போனது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வான் மாமரத்துக்குக் கீழே நின்றது. தாங்கியின் அடியில் கொஞ்ச டீசல் கிடந்தது. அதை நான் தொடவில்லை. ஒழுங்கையில் இரண்டு பேர் வந்து கேட்டார்கள், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ‘இல்லை’ என்றேன். ஏதாவது ஆபத்து என்றால் ஓடுவதற்கு ஒரு முறைக்காவது வேண்டும் அல்லவா? என்ன ஆபத்து என்று எனக்கே தெரியாது. வரும் என்று மட்டும் தெரியும்.

மனைவிக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. காலையில் சைக்கிளில் போனால் மத்தியானம் இரண்டரைக்குத்தான் வருவாள். அதுவரை வீட்டில் நானும் ஏழு வயது மகளும். சமையல் என் கைக்கு வந்தது இப்படித்தான். சமையலில் எனக்குக் கஷ்டம் இல்லை. நெருப்புத்தான் கஷ்டம். எங்கள் விறகடுப்பு குசினியின் ஒரு மூலையில், தகரத்துக்குக் கீழே. பக்கத்தில் மட்டையும் பாளையும் காய்ந்த பனங்கொட்டை ஊமலும் குவிந்து கிடக்கும். மகள் பாவாடையை இழுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடுவாள். சோறு அவிய முக்கால் மணித்தியாலம், பருப்புக்கு இன்னும் அரை. அவ்வளவு நேரமும் ஒரு கண் அடுப்பில், ஒரு கண் பிள்ளையில். பின்னேரம் ஆகும்போது தலையிடிக்கும்.

அந்த நேரத்தில்தான் கைத்தொலைபேசியில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். வேறு நாட்டு மனிசன் ஒருவர் கொதித்த சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார். திரும்பி வந்து திறந்தால் சாப்பாடு அவிந்திருக்கிறது. நெருப்பே இல்லை. சட்டியிடம் இருந்த சூடு வெளியே போகாமல் தன் சாப்பாட்டைத் தானே அவிக்கிறது. நான் அதை ஆறு தடவை பார்த்தேன். என்னைப் போன்ற ஒரு பயந்தாங்கொள்ளிதான் இதைக் கண்டுபிடித்திருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிற வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்று எடுத்துக்கொண்டு வந்தேன். எத்தனை தரம் கழுவியும் மணம் போகவில்லை. மனைவி வெள்ளிக்கிழமை மரக்கறிச் சோறு அதற்குள் அவியாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். பிறகு பழைய தேயிலைப் பெட்டி ஒன்று கிடைத்தது. மில்லில் இருந்து ஒரு சாக்கு உமி கொண்டுவந்து, பழைய படுக்கை விரிப்பை வெட்டித் தலகணிகள் தைத்து, உமியை அடைத்துப் பெட்டியின் அடியிலும் நாலு பக்கமும் வைத்தேன். நடுவில் சட்டி இருக்க ஒரு குழி. மேலே போர்த்த ஒரு பெரிய தலகணி. சட்டியை மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, சோறு நித்திரை கொள்ளுது” என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சோறு அவியவில்லை, நித்திரை கொண்டது.

பெட்டிக்கு இரண்டு சட்டம். தண்ணீர் குறைத்து விடவேண்டும், ஏனென்றால் ஆவியாகப் போவதற்கு வழி இல்லை. எக்காரணம் கொண்டும் இடையில் மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் சூடு போய்விடும். இரண்டாவது சட்டம் மகளுக்கு நன்றாகப் பிடித்தது. பெட்டியின் பலகை மூடியில் கறுப்புப் பேனையால் ‘திறக்கக் கூடாது’ என்று எழுதி, பக்கத்தில் கண்மூடிய ஒரு சட்டியும் கீறினாள்.

முதல் நாள் சோறு கஞ்சியாகியது. இரண்டாம் நாள் நடுவில் அரிசியாக இருந்தது. நாலாம் நாள் பத்தே நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி மூடினேன். ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தபோது சோறு பூப்போல நின்றது. மனைவி வாயில் வைத்து மென்றுவிட்டு, “பரவாயில்லை, உங்கடை பயத்துக்கும் ஒரு பிரயோசனம் கிடக்கு” என்றாள். பருப்பும் வந்தது, கௌப்பிப் பயறும் வந்தது. அடுப்பு பத்தரைக்கு எரிந்து பதினொன்றுக்கு முன்னால் அணைந்தது. தணலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, நானும் மகளும் முற்றத்தில் தாயம் விளையாடினோம். பிள்ளை பிறந்த பிறகு அப்படிப் பயமில்லாமல் நான் இருந்தது அந்த ஒரு மாதம்தான்.

அன்றைக்கு வேலிக்கு அப்பால் இருக்கும் அக்கா மரவள்ளிக் கிழங்கு தந்தார். தனியாக வீட்டில் இருக்கிறவர், தமையனின் தோட்டத்தில் முதல்நாள் கிண்டியது என்று ஓர் ஓலைக் கடகத்தில் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினார். மரவள்ளி என்றதும் எனக்கு உடனே இஞ்சிதான் நினைவுக்கு வந்தது. இங்கே பிறந்த யாருக்கும் அப்படித்தான் வரும். மரவள்ளியும் இஞ்சியும் சேரக் கூடாது, சேர்ந்தால் நஞ்சு என்று தாய்ப்பாலோடு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். குசினியில் கிடந்த இஞ்சித் துண்டை எடுத்து அலுமாரியின் மேல்தட்டில், பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். சம்பலை இடிக்கும் உரலை இரண்டு தரம் கழுவினேன். எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

தோலை உரித்து, துண்டு துண்டாக வெட்டி, கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு, பெட்டியின் சட்டப்படி கிழங்கு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டேன். கொதித்தது. பத்து நிமிடம் பார்த்து, மூடியை இறுக்கி அமத்தி, பெட்டிக்குள் இறக்கி, தலகணியால் போர்த்தினேன். மகள் பலகையை எடுத்து மேலே வைத்தாள். கிழங்குக்கு நித்திரை கூட வேண்டுமென்று ஒன்றேகால் மணித்தியாலம் விட்டோம்.

பன்னிரண்டு மணி தாண்டித் திறந்தேன். மஞ்சளாக, வெடித்து, மாவாக அவிந்திருந்தது. மகளுக்கு ஒரு கோப்பையில் போட்டுக் கொடுத்தேன். நான் தொடவில்லை. மரவள்ளி எனக்கு வாய்வு. வாய்வு நெஞ்சில் பிடித்தால் மாரடைப்போ என்று நினைத்து அரைநாள் செத்துப் பிழைப்பேன். காலையில் பேக்கரியில் வாங்கிய பாணில் மிஞ்சியதைச் சம்பலோடு தின்றேன். மகள் ஒவ்வொரு துண்டிலும் நடுவில் இருக்கும் நாரை உருவி எடுத்துக் கோப்பையின் விளிம்பில் அடுக்கினாள். எட்டு நார். பிறகு எழும்பிப் போய்ச் சட்டிக்குள் எண்ணிப் பார்த்தாள்.

“அம்மாக்கு ஆறு துண்டு கிடக்கு. சூடு போகாமல் மூடி வைப்பம்” என்றாள்.

மூடி வைத்தோம். தலகணி, பலகை எல்லாம் பழையபடி. பிறகு அவள் தாயம் விளையாட வரவில்லை. பாயில் போய்ப் படுத்தாள்.

“என்ன பிள்ளை?”

“ஒண்டுமில்லை அப்பா. நித்திரை வருது.”

வெயிலுக்கு அலுத்துப் போயிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்து அவள் எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். முகம் வெளிறி வியர்த்திருந்தது. மூச்சு நாய்க்குட்டியின் மூச்சுப்போலக் குறுகக் குறுக ஓடியது.

“அப்பா, எல்லாம் சுத்துது.”

எனக்கு முதலில் வந்தது இஞ்சிதான். அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தேன், வைத்த இடத்தில் இருந்தது. பிறகுதான் நினைவு வந்தது. பிள்ளைக்கு இருமல் என்று காலையில் மனைவி இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொடுத்திருந்தாள். எத்தனையோ வருடம் வராத ஆபத்துகளுக்கெல்லாம் ஒத்திகை பார்த்தவன் நான். உண்மையிலேயே வந்து நின்றபோது எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இரண்டு தரம் சுற்றினேன்.

கைத்தொலைபேசியை எடுத்தேன். கரண்ட் இல்லாத நேரம், தொடர்பும் இல்லை. மாமரத்துக்குக் கீழே வான். ஒரு மாதமாக எடுக்காத வான். திறப்பைத் திருகினேன், முனகிவிட்டு நின்றது. இரண்டாம் முறையும் நின்றது. கும்பிட்டுக்கொண்டு மூன்றாம் முறை திருகினேன், எடுத்தது. மகளை முன் இருக்கையில் படுக்க வைத்து, அவள் தலையை என் தொடையில் வைத்துக்கொண்டேன். ஒழுங்கையால் போகும்போது வேலிக்கு மேலால் அக்காவைப் பார்த்துக் கத்தினேன்.

“அக்கா, பிள்ளைக்குச் சுகமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போறன். மனிசி வந்தால் சொல்லுங்கோ.”

கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கேட்டதா என்று நிற்க எனக்கு நேரம் இல்லை. அன்றைக்கு நான் முந்தாத வாகனம் இல்லை. ஒற்றைக் கையால் ஓட்டினேன். மற்றக் கை மகளின் நெஞ்சில், மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடி. சில இடத்தில் ஏறுவது தெரியாமல் போகும். அப்போது, “பிள்ளை, பிள்ளை” என்று உலுக்குவேன். அவள் “ம்” என்பாள். அந்த “ம்”முக்காகத்தான் நான் அந்த வழி முழுக்க உயிரோடு இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் இருந்தார், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்தான். தாதிமார் பிள்ளையைக் கட்டிலில் போட்டு, வாய்க்கும் மூக்குக்கும் ஒட்சிசனைப் பிடித்து, கையில் ஊசி குத்திச் சேலைன் ஏற்றினார்கள்.

“என்ன சாப்பிட்டவா?”

“மரவள்ளி. காலமை இஞ்சி போட்ட தேத்தண்ணி குடிச்சவா, டொக்டர். தாய் தெரியாமல் குடுத்திட்டா. நான் இஞ்சியை எடுத்து ஒளிச்சு வைச்சனான், ஆனால் காலமை...”

“இஞ்சியை விடுங்கோ. கிழங்கை எப்பிடி அவிச்சனீங்கள்? சட்டியைத் திறந்தோ, மூடியோ?”

நான் பெட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஒரு மாதமாகக் கண்டவர் நின்றவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். கொதித்து இறக்கினது, உமித் தலகணி, ஒன்றேகால் மணித்தியாலம், தண்ணீர் குறைத்து விட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஐயா, மரவள்ளியிலை நஞ்சு இருக்கு. நிறையத் தண்ணி விட்டு, மூடாமல் அவிச்சால் அது ஆவியோடை போகும், மிச்சம் தண்ணியோடை ஊத்துப்படும். நீங்கள் ரெண்டையும் உள்ளுக்கை வைச்சு மூடியிருக்கிறியள்.”

என் அம்மா மரவள்ளி அவிக்கும்போது சட்டி திறந்தே இருக்கும். அதை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இஞ்சியைப் பற்றி மட்டும் எல்லாரும் வாய்விட்டுச் சொன்னார்கள். மூடியைப் பற்றிச் சொல்லவேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை, ஏனென்றால் யாரும் மூடுவதில்லை. உலகத்திலேயே பயமில்லாத அடுப்பு என்று நினைத்து நான் செய்த பெட்டி, போகவேண்டிய நஞ்சைப் போகவிடாமல் காவல் காத்திருக்கிறது.

“பிழைச்சிடுவாவோ, டொக்டர்?”

“நேரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறியள். இன்னும் கொஞ்ச நேரம் போனால்தான் சொல்லலாம். நீங்கள் பக்கத்திலையே இருங்கோ, பேசிக்கொண்டிருங்கோ.”

பக்கத்தில் இருந்தேன். மகள் என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் ஒரு மணிக்கூடு. இரண்டு மணியாக இருக்கும். அவள் கண்ணைத் திறந்து, ஒட்சிசன் முகமூடிக்குள்ளால் ஏதோ சொன்னாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

“அம்மாக்கு ஆறு துண்டு...”

பெட்டி. தலகணிக்குள் சட்டி. அதற்குள் ஆறு துண்டு, சுடச்சுட. இரண்டரைக்கு மனைவி வருவாள். காலையில் தேத்தண்ணியோடு போனவள், வெயிலில் சைக்கிள் உழக்கிக்கொண்டு பசியோடு வருவாள். வீட்டில் ஒருவரும் இல்லாவிட்டால் முதலில் எதைத் திறப்பாள்? அக்காவிடம் நான் ஆஸ்பத்திரி என்றுதான் கத்தினேன். கிழங்கு என்று சொல்லவில்லை. சாப்பிடாதே என்று சொல்லவில்லை. அப்போது எனக்கே தெரியாது.

எழும்பினேன். பெருவிரலைப் பிடித்திருந்த கை இறுகியது. பத்து நிமிட ஓட்டம்தான் வீட்டுக்கு. ஆனால் வானில் டீசல் இருக்கிறதா? நடுவழியில் நின்றால்? நான் போன நேரத்தில் பிள்ளைக்கு மூச்சு நின்றால்? கைத்தொலைபேசியை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தேன். தொடர்பு இல்லை. வாசல் காவலாளியிடம் ஓடி, புத்தூர்ப் பக்கம் சைக்கிளில் யாராவது போகிறார்களா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீதிக்கு இறங்கி நின்று பார்த்தார், ஒருவரும் இல்லை என்று கையை விரித்தார். திரும்பி ஓடிவந்து பிள்ளையின் விரலைப் பிடித்தேன். ஒருத்திக்குப் பக்கத்தில் நின்றால் மற்றவளிடம் போக முடியாது. இரண்டு பேரையும் ஒரே சட்டியால் கொல்லப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். இந்தச் சொல்லில் ஒரு மிகையும் இல்லை.

மணிக்கூடு இரண்டரையைத் தாண்டியது. இரண்டே முக்கால். மூன்று மணி. மகளின் மூச்சு சற்று நீளமாகியிருந்தது, அதைக்கூட என்னால் சந்தோசப்பட முடியவில்லை. மூன்றேகாலுக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மனைவி வந்தாள். சேலை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. நேரே கட்டிலுக்குப் போய்ப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள்.

“நீர் சாப்பிட்டனீரோ?” என்றேன். பிள்ளைக்கு என்ன நடந்தது என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் என் வாயில் வந்த முதல் சொல்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

“இல்லை.”

“உண்மையா? அந்தக் கிழங்கு...”

“படலையிலையே அக்கா நிண்டு சொல்லிப்போட்டா. வீட்டுக்குள்ளை போகவே இல்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்திட்டன்.”

நான் சுவரில் சாய்ந்து அழுதேன். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அழுதேன். அவள் என் தோளில் ஒரு தரம் தட்டிவிட்டு டொக்டரைத் தேடிப் போனாள். இரண்டு பேரும் ஒரு மூலையில் நின்று தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். பிறகு ஒரு தாதி வந்து அவளைக் கதிரையில் இருத்திப் பிரஷர் பார்த்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தும் பார்த்தார். வெயிலுக்குள் அவ்வளவு தூரம் வந்ததற்காக என்று நினைத்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. நான் காத்திருந்தேன். “மரவள்ளியை ஆரும் மூடி அவிப்பினமோ?” என்று ஒரு சொல் கேட்டிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும். அவள் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிபோல முகமூடியை எடுத்தார்கள். மகள் தண்ணீர் கேட்டாள். டொக்டர் வந்து பார்த்துவிட்டு, பயப்படத் தேவையில்லை, ஆனாலும் இன்றைக்கு இருக்கட்டும் என்றார். பிள்ளைகள் வாட்டில் தாய் மட்டும் நிற்கலாம்.

“வீட்டை போய் உடுப்பும் விரிப்பும் சுடுதண்ணிப் போத்தலும் எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றாள் மனைவி. “வானை விட்டிட்டுப் போங்கோ. நாளைக்குப் பிள்ளையை ஏத்தவேணும். என்ரை சைக்கிளிலை போங்கோ.”

நான் வீடு சேரும்போது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. குசினிக்குள் இருட்டு. சுடுதண்ணிப் போத்தலைத் தடவப் போன என் கால் எதிலோ மெத்தென்று பட்டது. டோர்ச்சை அடித்தேன். பெரிய தலகணி நிலத்தில் கிடந்தது. ‘திறக்கக் கூடாது’ என்ற பலகை சுவரில் சாய்ந்து நின்றது. சட்டி திறந்திருந்தது.

எண்ணினேன். நாலு துண்டு. திரும்ப எண்ணினேன். நாலுதான்.

மேசையில் ஒரு கோப்பை இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் சம்பல். விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நார்.

நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். இரண்டரைக்குத் தின்றிருக்கிறாள். தின்றுவிட்டுச் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். இப்போது வாட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில், ஒருவருக்கும் சொல்லாமல், நஞ்சோடு இருக்கிறாள். தலை சுற்றி விழுந்தால்கூடக் களைப்பு என்று நினைப்பார்கள். சட்டியைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கைக்குப் பட்ட உடுப்புகளைப் பையில் திணித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். அந்தச் சைக்கிளில் லைட் இல்லை. லைட் இல்லாமல் நான் சைக்கிள் ஓடியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். அது எனக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது.

வாட்டு வாசலில் அவள் நின்றாள். நின்றுகொண்டிருந்தாள் என்பதைக் கண்டபிறகுதான் நடையை மெதுவாக்கினேன். பையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“குசினிக்குள்ளை போனனீங்கள் என்ன?”

“ஓம்.”

“அவசரத்திலை கோப்பையைக் கழுவாமல் வந்திட்டன்” என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள். “ரெண்டு துண்டுதான். உங்களையும் வானையும் காணேல்லை, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு டீசல் வரிசைக்குப் போயிருப்பியள் எண்டு நினைச்சுச் சாப்பிட்டன். அதுக்குப் பிறகுதான் அக்கா வந்து சொன்னவ. எனக்கு ஒண்டும் செய்யேல்லை. லேசான தலையிடி, அதுவும் போயிட்டுது. வந்த உடனை டொக்டருக்குச் சொல்லிப்போட்டன். மூண்டு தரம் பாத்திட்டா. பிரஷர் பாத்த மிஸ்ஸிக்கும் தெரியும்.”

“எல்லாருக்கும் சொல்லியிருக்கிறீர். எனக்கு ஏன் சொல்லேல்லை?”

அவள் பையைத் திறந்து பார்த்தாள். சுடுதண்ணிப் போத்தல் இல்லை. பையைத் திரும்ப மூடினாள்.

“உங்களுக்குச் சொன்னால் நான் உங்களையெல்லோ பாக்கவேணும். பிறகு பிள்ளையை ஆர் பாக்கிறது?” என்றாள். கோபம் ஒன்றும் இல்லை. நாளைக்குப் பாண் வாங்கவேணும் என்று சொல்லும் குரலில்தான் சொன்னாள். காவலாளி நேரமாகிவிட்டது என்றார். அவள் உள்ளே போனாள். கதவுக்கு வெளியே நான் நின்றேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மனைவி சைக்கிளில் முன்னால் போய்விட்டாள். மகள் வானின் முன் இருக்கையில், எனக்குப் பக்கத்தில். கையில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது, அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் என் பழைய வேகத்துக்குத் திரும்பியிருந்தேன். முன்னால் லாண்ட்மாஸ்ரர் ஒன்று வெங்காயம் ஏற்றிக்கொண்டு போனது, அதன் பின்னால் ஊர்ந்தேன்.

“அப்பா.”

“என்ன பிள்ளை?”

“எனக்கு முதலே தலை சுத்தினது. கிழங்கு சாப்பிட்டு முடிஞ்ச உடனை. நீங்கள் கேக்கேக்கை நித்திரை வருது எண்டு பொய் சொன்னனான்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் பயப்பிடுவியள்.”

வானை வீதியோரம் நிறுத்தினேன். ஒரு மணித்தியாலம். அந்தப் பாயில் ஒரு மணித்தியாலம் அவள் தனியாகக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறாள், நான் பயப்படாமல் இருக்கவேண்டும் என்பதற்காக. முற்றத்தில் நான் தனியாகத் தாயம் உருட்டிக்கொண்டிருந்தேன்.

“இனிமேல் சொல்லவேணும்” என்றேன். “என்ன செய்தாலும் உடனை சொல்லவேணும். அப்பா பயப்பிட மாட்டன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குக் கை நடுங்கியது. அது அவளுக்குத் தெரியாதபடி இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வானை எடுத்தேன்.